அரசலாற்று முகத்தில் நிற்கும் ஸாக்கு

என் மேசையில் ஓர் எந்திரன் நிற்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். பச்சை உடம்பு, முகத்தில் ஒற்றைக் கண், இடது தோளில் முள் வைத்த கவசம், வலது தோளில் கேடயம். பெயர் ஸாக்கு. பெட்டியைப் பிரித்துக் கோத்த அன்று அது பளபளக்கும் பிளாஸ்டிக் பொம்மை. இன்று அது காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில், அரசலாறு கடலைத் தொடும் இடத்தில், ஐந்து ஐப்பசி மழையை நின்றே வாங்கிய எந்திரம். முழங்கால் மூட்டிலிருந்து துரு வழிந்திருக்கிறது. தோள் வெளுத்திருக்கிறது. கணுக்காலுக்கு மேல் சேறு காய்ந்திருக்கிறது. இவ்வளவும் வண்ணப்பூச்சு. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு கறையையும் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டதால் ஏழு மாதம் பிடித்தது. அதில் தூரிகை பிடித்த நேரம் கொஞ்சம்தான். துறைமுகத்திலும் தகரக் கூரைகளின் கீழும் வயல் வரப்பிலும் நின்று பார்த்த நேரமே அதிகம்.

ஒருநாள் கரையேற்றி வைத்திருந்த இரும்புப் போட்டு ஒன்றின் அருகே உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். சுத்தியலால் துருவைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“என்ன தம்பி, போட்டு வாங்கப் போறீங்களா?”

“இல்லண்ணே. துரு எங்கெங்க புடிக்குதுன்னு பாக்குறேன்.”

அவருக்கு அது வினோதமாகப் படவில்லை. பக்கத் தகட்டின் நடுவைத் தட்டிக் காட்டினார். “இங்க அவ்வளவா புடிக்காது தம்பி. ஒட்டு எங்க இருக்கோ, போல்ட்டு எங்க இருக்கோ, தண்ணி எங்க நின்னு தங்குதோ, அங்கதான் மொதல்ல வரும். அங்கேர்ந்துதான் கீழ எறங்கும்.”

அந்த மூன்று வாக்கியத்தில் அரிமான வேதியியலின் பாதி அடங்கியிருந்தது. மீதிப் பாதியைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

ஸாக்கு பிறந்தது ‘மொபைல் சூட் கன்டம்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில். 1979 ஏப்ரல் 7 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. இயக்கியவர் யோஷியுக்கி டொமினோ, எந்திரங்களை வரைந்தவர் குனியோ ஒகவரா. கன்டம் அதில் நாயக எந்திரம், ஸாக்கு எதிரிப் படையுடையது. அன்று அதைப் பார்த்தவர்கள் குறைவு. 52 பகுதிகளாகத் திட்டமிட்டது 43-இல் முடிந்துபோனது. தொடரைக் காப்பாற்றியதில் பிளாஸ்டிக்குக்குப் பெரிய பங்குண்டு. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 144-இல் ஒரு பங்கு அளவில் முதல் கன்டம் கிட்டை 300 யென்னுக்கு வெளியிட்டது. அதிலிருந்து கிளம்பிய மோகம் இன்னும் தணியவில்லை. 1982-இல் கோவ் யோகோயாமா என்ற கலைஞர், பீரங்கி வண்டி, விமானக் கிட்டுகளின் உதிரிகளைச் சேர்த்துத் தானே எந்திர உடைகளை உருவாக்கி, சேறும் கீறலுமாக ஜப்பானியப் பொழுதுபோக்கு இதழில் வெளியிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களும் அழுக்கோடுதான் திரையில் பறந்தன. எதிர்காலம் என்றால் வெள்ளைவெளேர் என்றிருக்கும் என்ற எண்ணம் அத்தோடு உடைந்தது. பழையதாகிப்போன எதிர்காலத்தைப் பார்த்தபோதுதான் மனிதர்கள் அதை நம்பினார்கள்.

கிட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: சட்டம் சட்டமாக வரும் பிளாஸ்டிக் உதிரிகள். அந்தச் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். உருகிய பாலிஸ்டைரீனை 200 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவார்கள். அது ஓடிய வாய்க்கால்தான் ரன்னர், போய்ச் சேர்ந்த வயல்தான் உதிரி. மடையை வெட்டுவதுபோல நிப்பர் என்ற வெட்டுக்குறட்டால் உதிரியை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரியும். வெட்டும்போது பிளாஸ்டிக் இழுபட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் ஆயிரக்கணக்கில் திறந்துகொள்கின்றன. அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. நிறம் மாறவில்லை, ஒளி போகும் பாதைதான் கலைந்துவிட்டது. அதனால்தான் அவசரப்படாமல் இரண்டு வெட்டாக, முதலில் தள்ளியும் பிறகு ஒட்டியும் வெட்டச் சொல்கிறார்கள்.

பாலிஸ்டைரீன் நமக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற தெர்மாக்கோல் பெட்டியும் அதுதான். நுரைக்கவைத்துப் பெருக்கினால் தெர்மாக்கோல். கொஞ்சம் ரப்பர்த் துகள் சேர்த்துக் கெட்டியாக வார்த்தால் ஸாக்கு. ஆரஞ்சுத் தோலைத் தெர்மாக்கோல் மேல் பிழிந்து பாருங்கள், குழி விழும். தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். கிட் ஒட்டும் பசைகளில் ஒரு வகைக்கு மூலப்பொருளே இந்த லிமோனீன்தான். இந்தப் பசை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நின்று பிடித்துக்கொள்வதில்லை. இரு பக்க மேற்பரப்பையும் இளக்குகிறது. நூல்கண்டு போன்ற நீள மூலக்கூறுகள் ஒன்றின் சிக்கலுக்குள் மற்றொன்று நுழைகின்றன. கரைப்பான் ஆவியானதும் அங்கே ஒட்டு என்று ஒன்று இல்லை, ஒரே பிளாஸ்டிக்தான். வெல்டிங் என்று சொல்வதே பொருந்தும்.

கரைப்பான்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. என் முதல் எந்திரனை இடுப்பு மூட்டில் இழந்தேன். கோத்து முடித்த உடம்பில், பள்ளக் கோடுகளுக்குள் எனாமல் வண்ணத்தை நிறைய தின்னர் கலந்து ஓடவிட்டேன். மறுநாள் காலையில் தொட்டதும் இடுப்பு இரண்டாகப் பிளந்தது. இறுக்கமாகப் பொருந்திய மூட்டில் பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்த நிலையில் பெட்ரோலிய வகைத் தின்னர் நுண்வெடிப்புக்குள் புகுந்தால் மூலக்கூறுகளின் பிடி தளர்கிறது, வெடிப்பு ஓடுகிறது. விசை மட்டும் இருந்தால் உடையாது. தின்னர் மட்டும் பட்டாலும் உடையாது. இரண்டும் சேரும்போது உடையும். அன்றிலிருந்து உதிரிகளைக் கழற்றி வைத்துத்தான் கோடு இழுக்கிறேன்.

இனி அளவு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதில்தான் இருக்கிறது. கதைப்படி ஸாக்குவின் உயரம் பதினேழரை மீட்டர். 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதாவது என் தூரிகை வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, உண்மையான எந்திரத்தில் 14 சென்டிமீட்டர். புதிதாகச் செய்பவர்கள் வண்ணம் உரிந்ததைக் காட்ட மில்லிமீட்டர் கணக்கில் தீற்றுவார்கள். அது உண்மையில் உள்ளங்கையைவிட அகலமாக உரிந்த வண்ணம். எந்திரம் அளவில் சுருங்கிப் பொம்மையாகிவிடுவது அந்தக் கணத்தில்தான்.

தூரத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பொம்மையை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். 144-ஆல் பெருக்கினால் 43 மீட்டர். உண்மையான ஸாக்குவை 43 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் இதுவும் கண்ணுக்கு ஒன்று. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்தறியும். 43 மீட்டரில் அது ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய கீறல் எதுவும் அந்தத் தூரத்தில் கீறலாகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். ஆகவே நான் கீறல் வரைய வேண்டியதில்லை. ஆயிரம் கீறல்கள் சேர்ந்து தரும் மங்கலை வரைய வேண்டும். ஸ்பாஞ்சைப் பிய்த்து, வண்ணத்தில் தோய்த்து, கிட்டத்தட்ட முழுவதையும் துடைத்துவிட்டு, மிச்சத்தால் ஒற்றுவது அதற்காகத்தான்.

சில விஷயங்கள் சுருங்க மறுக்கும். 1638-இல் கலீலியோ எழுதிவைத்தார்: உருவம் பத்து மடங்கானால் தாங்கும் குறுக்குப்பரப்பு நூறு மடங்காகும், எடையோ ஆயிரம் மடங்காகும். பதினெட்டு மீட்டர் மனித உருவம் மனிதனைப்போல நடக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை பதினெட்டு மீட்டர் உயர கன்டம் ஒன்று கை கால் அசைத்து நின்றது. எடையை 25 டன்னுக்குள் அடக்கியும், அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஓர் இரும்புக் கட்டமைப்பு பிடித்திருந்தது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையும் சுருங்காது. உண்மையான எந்திரத்தில் அரை சென்டிமீட்டர் அகலத்தில் இறங்கும் மழைத்தாரை என் பொம்மையில் தலைமுடியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். எந்தச் சொட்டும் அவ்வளவு மெல்லியதாக ஓடாது. ஆக ஒரு கறையை வண்ணம் தானாக உண்டாக்கட்டும் என்று விட முடியாது. அதன் காரணத்தை அறிந்து கையால் வரைய வேண்டும்.

ஒரே இடத்தில் மட்டும் அந்த இழுவிசை நமக்கு உதவுகிறது. கவசத் தகடுகளின் நடுவே முடியளவு பள்ளக் கோடுகள் இருக்கும். நீர் வண்ணத்தை வைத்தால் தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நிற்கும். பிளாஸ்டிக்குக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது. எனாமல் தின்னரின் இழுவிசை குறைவு, அது பிளாஸ்டிக்கை நனைக்கும். தூரிகை நுனியால் கோட்டின் ஒரு முனையைத் தொட்டால் போதும், நுண்புழை ஈர்ப்பால் வண்ணம் கோடு முழுக்கத் தானே ஓடிப் பரவும். நான் நூறு முறை பார்த்தும் சலிக்காத காட்சி அது.

ஊருக்கு வருகிறேன். நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் மண் இது, நிர்வாகம் மட்டும் புதுச்சேரியோடு. இங்கே வண்ணம் அடிப்பவனின் முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். கார்த்திகை மாதத்தில் ஏர்பிரஷ்ஷில் லேக்கர் வண்ணம் அடித்தேன். பத்து நிமிடத்தில் பச்சை மேல் பால் ஊற்றியதுபோல வெண்படலம். சரக்கு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். லேக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. மேற்பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தால் போதும், காற்றிலிருந்து நீர் அதன் மேல் படிந்து, காயும் வண்ணத்துக்குள் சிக்கி வெளுத்துவிடும். அதே 28 டிகிரியில் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும் ஊரில் பதினைந்து டிகிரி குளிர வேண்டும், அங்கே இந்தச் சிக்கலே வராது. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பதும், பங்குனிக்குக் காத்திருப்பதும்தான் வழி. நான் காத்திருந்தேன்.

காத்திருந்த மாதங்களில்தான் துருவைப் படித்தேன்.

முதலில் ஒரு கேள்வி: இந்த எந்திரம் துருப்பிடிக்குமா? கதையில் கன்டத்தின் கவசம் லூனா டைட்டானியம் என்ற கற்பனை உலோகக் கலவை. டைட்டானியம் காற்றில் பட்டதும் தன் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன்பின் கடல்நீரும் அதை ஒன்றும் செய்யாது. வெள்ளைக் கன்டத்தின் மேல் செந்துரு தீட்டுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறு என்பது என் கருத்து. எதிரிப் படையின் ஸாக்குவோ உருக்குக் கலவையால் ஆனது. அதனால்தான் காரைக்காலில் நிறுத்த ஸாக்குவைத் தேர்ந்தேன்.

துரு என்பது இரும்பு மேல் காற்று பட்டதால் வருவது என்று பள்ளியில் படித்து நிறுத்திவிட்டோம். உண்மையில் அது ஒரு மின்கலம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் என்ற அறிவியலாளர் இதை ஒரு சொட்டு உப்புநீரால் காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டின் விளிம்பு மெல்லியது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதில் புகும். நடுப்பகுதி தடிமன், அங்கே ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் அதிகமுள்ள விளிம்பு எலெக்ட்ரான்களை வாங்கும் முனையாகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி எலெக்ட்ரான்களை விட்டுக் கரையும் முனையாகிறது. கரைந்த இரும்பு வெளியே நகர, விளிம்பில் உண்டான ஹைட்ராக்சைடு உள்ளே வர, இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. காற்று படாத இடத்தில்தான் இரும்பு அரிக்கிறது. இதைப் புரிந்துகொண்டபோது துறைமுகத்தில் சுத்தியல் பிடித்தவர் சொன்னது பளிச்சென விளங்கியது. இரண்டு தகடு மேலேறிய ஒட்டு, போல்ட்டின் வாஷருக்கு அடி, ஈரம் தங்கும் மடிப்பு எல்லாமே ஆக்சிஜன் புகாத இடுக்குகள்.

உப்பு இந்த மின்கலத்துக்கு உயிர் கொடுக்கிறது. நீரை மின்கடத்தியாக்குகிறது. காரைக்கால் வீடுகளில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடற்காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்புப் படலம் இரும்பின் மேல் உச்சிவெயிலிலும் ஈரமாக இருப்பது இதனால்தான். நமக்கு உலர்ந்ததாகத் தெரியும் ஜன்னல் கம்பி உண்மையில் உலர்வதில்லை.

நானும் ஒரு சிறு சோதனை வைத்தேன். ஒரே தகட்டில் வெட்டிய மூன்று துண்டுகள். ஒன்று மொட்டைமாடியில் வெட்டவெளியில், ஒன்று கடல் பார்த்த சன்ஷேடின் அடியில், ஒன்று வீட்டுக்குள். ஐப்பசியில் வைத்து, பங்குனியில் எடுத்துப் பார்த்தேன். மழை முழுக்க வாங்கிய மாடித் துண்டுதான் அதிகம் அரித்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். சன்ஷேடின் அடியில் இருந்த துண்டுதான் செதில் செதிலாகப் பெயர்ந்தது. மழை துருவை வளர்க்கிறது என்பது பாதி உண்மை. மழை உப்பைக் கழுவியும் விடுகிறது. கழுவப்படாத மறைவிடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இப்படித்தான், ஆனால் துல்லியமான எடைக் கணக்கோடு, உலோகத் துண்டுகளைக் கடலோரச் சட்டங்களில் மாட்டி வைத்து அரிமானத்தை அளந்து வருகிறது. மண்டபத்தில் அதற்கென்றே ஒரு மையம் உண்டு. பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம். வண்ணம் அடிப்பவர்கள் உப்போடு போட்ட நூறாண்டுப் போரால்தான் அது அத்தனை காலம் நின்றது.

இந்தச் சோதனைக்குப் பிறகு ஸாக்குவின் துருவை முழுக்க மாற்றினேன். தலையிலும் தோள் மேலும் தீட்டியிருந்த துருவை அழித்தேன். இடுப்புப் பாவாடைத் தகடுகளின் உட்புறம், கேடயத்தின் பின்பக்கம், முழங்கால் மடிப்பு என்று மழை கழுவாத இடங்களில் சேர்த்தேன். கடல் பார்த்த பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியை அடிப்பலகையில் வரைந்து வைத்துக்கொண்டேன்.

துருவுக்கு ஒரே நிறம் என்பதும் தவறு. புதுத் துருவில் லெப்பிடோக்ரோசைட் என்ற கனிமம், அது ஆரஞ்சு. நாளானால் கோதைட், மஞ்சள் கலந்த பழுப்பு. உலோகத்தை ஒட்டிய அடியடுக்கில் ஆக்சிஜன் குறைவதால் கரிய மேக்னடைட். குளோரைடு மிகுந்த கடலோரத்தில் அககனேயைட் என்ற வகையும் உண்டாகும். ஜப்பானின் அககனே சுரங்கத்தில் முதலில் அறியப்பட்டதால் அந்தப் பெயர். ஜப்பானிய எந்திரனுக்கு ஜப்பானியப் பெயருள்ள துரு காரைக்கால் உப்பால் வருவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எனவே அடியில் கரும்பழுப்பு, மேலே பழுப்பு, கசியும் விளிம்பில் மட்டும் ஆரஞ்சு என்ற வரிசையில் தீட்டினேன். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட் தூணைப் பிளப்பதும் வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்குவதும் அதுதான். அந்தக் கொப்புளம் வெடித்த தோற்றத்துக்கு உப்பையே பயன்படுத்தினேன். துரு நிறம் அடித்த பரப்பை நனைத்து, கல்லுப்புத் தூளைத் தூவி, காய்ந்ததும் மேலே பச்சை அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் ஒழுங்கற்ற ஓட்டைகள் வழியே துரு எட்டிப் பார்க்கும். உண்மையான உப்பு செய்வதை வேறு வழியில் உப்பே செய்துதருகிறது.

நம் இரும்புக் கேட்டுகளுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடும் ஓர் இரும்பு ஆக்சைடுதான், கோயில் மதிலின் காவியைப்போல. முழுக்க ஆக்சிஜன் ஏறி ஓய்ந்த இரும்பு அது, இனி மாற ஒன்றும் இல்லை. அதனால் கவசமாகிறது. பச்சை உரிந்த இடங்களில் நேராகத் துருவுக்குப் போகாமல் இந்தச் செங்காவி நிறம் ஒரு ஓரம் தெரியுமாறு விட்டேன். போட்டுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடும், தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஸாக்குவின் கணுக்காலில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு சாம்பல் கட்டிகள் ஒட்டினேன். உண்மையில் ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள கட்டிகள். கதையில் இது கிடையாது. காரைக்காலில் நிற்க வேண்டுமானால் வேண்டும்.

வெயிலுக்கும் ஊர் உண்டு. வண்ணத்தின் பிசின் புற ஊதாக் கதிரால் சிதையும்போது நிறமித் துகள்கள் பொடியாக மேலே தங்கும். பழைய ஃபைபர் போட்டைத் தடவினால் கையில் வெண்பொடி ஒட்டுவது அதுவே. ஜப்பானின் முக்கியத் தீவுகளில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது, அங்கே தெற்கு முகம் அதிகம் வெளுக்கும். காரைக்காலின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். ஆகவே இங்கே வெளுக்க வேண்டியது தலை, தோள், பாதத்தின் மேல்புறம். கைக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் பழைய பச்சை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைசியாகக் கால். வெளிநாட்டு மாடல் புத்தகங்களைப் பார்த்துச் செம்மண் நிறப் பொடியைத்தான் முதலில் பூசினேன். அது எங்கோ மேட்டு நிலத்து எந்திரம். நம் மண் காவிரி வண்டல். மாதக்கணக்கில் நீர் நிற்கும் வயலில், ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடையே சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. செவ்விரும்பு தன் நிறத்தை இழக்கிறது, மண் சாம்பலாகிறது. நாற்றுப் பிடுங்கும்போது பாருங்கள்: சாம்பல் சேற்றின் நடுவே வேர்களை ஒட்டி மட்டும் செம்பழுப்புப் படலம். நெல் தன் வேர்வழியே விடும் ஆக்சிஜன் அங்கே இரும்பைத் திரும்பவும் துருவாக்குகிறது. முகத்துவாரச் சேறு இன்னும் கறுப்பு. கடல்நீரின் சல்பேட்டிலிருந்து நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகிறது. சேற்றைக் கிளறினால் எழும் நாற்றம் அந்த வாயுவுடையது. முகத்துவாரத்தில் நிற்கும் ஸாக்குவின் காலில் ஒட்டுவது இந்தக் கருஞ்சாம்பல்தான்.

அது எவ்வளவு உயரம் ஒட்டும்? எடை 60 டன், ஒவ்வொரு பாதமும் மூன்றுக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒற்றைக் காலூன்றி நடக்கும்போது ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம். ஊறிய வண்டல் அதைத் தாங்காது. பாதம் புதையும், கணுக்காலைத் தாண்டும். எனவே கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு.

சேற்றை உண்மைச் சேற்றாலேயே செய்ய ஆசைப்பட்டேன். ஆனால் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் இந்த அளவில் ஒன்றரை சென்டிமீட்டர் கூழாங்கல். வயல் மண்ணை டம்ளரில் கலக்கி இரவு முழுக்க விட்டேன். கனத்தவை முதலில் அமரும், நுண்ணியவை மிதக்கும். காலையில் கலங்கலாக இருந்த மேல்நீரை மட்டும் வடித்துக் காயவைத்தேன். அதில் மிஞ்சுவது 0.002 மில்லிமீட்டர் அளவுக் களித்துகள். 144 மடங்காகப் பெருக்கினாலும் 0.3 மில்லிமீட்டர், மணல் அளவுதான். அந்தப் பொடியைத் தூரிகையால் பூசினேன். ஈரச் சேறு கருமையாகவும் காய்ந்த சேறு வெளிறியும் தெரிவதற்குக் காரணம், துகள்களுக்கு நடுவில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்தால் ஒளி சிதறுவது குறைந்து உள்ளே போய்விடுவது. மேலே மேட் பூச்சும் பாத அடியில் பளபளப்புப் பூச்சும் தந்தேன். அடி ஈரமாகவே இருக்கிறது.

மேற்கோட்டின் விளிம்பு மட்டும் அடர்த்தியாக இருக்க வேண்டும். டீக்கடை மேசையில் சிந்திய சொட்டு காயும்போது ஓரத்தில் வளையம் விடுவதைப்போல. சொட்டின் விளிம்பு முதலில் காய்கிறது, அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, துகள்களையும் சுமந்துவந்து அங்கே விடுகிறது. 1997-இல் ராபர்ட் டீகனும் அவருடன் சேர்ந்தவர்களும் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். அந்த விளிம்பைத் தூரிகையால் போடவில்லை. களிநீரை வைத்துவிட்டுத் தொடாமல் காயவிட்டேன், தானே வந்தது.

எல்லாம் முடிந்தது என்று அலமாரியில் வைத்த வாரத்தில், நிப்பரை ஜன்னல் திட்டில் மறந்துவிட்டேன். இரண்டு இரவு கடற்காற்று. எடுத்துப் பார்த்தால் அதன் திருகாணியைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் கரும்புள்ளி, கீழே இறங்கிய மெல்லிய தாரை. ஸாக்குவை எடுத்து வந்து நிப்பருக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தினேன். முழங்காலில் நான் வைத்திருந்த துரு சற்றுச் சிவப்பு. உண்மையானது இன்னும் மஞ்சள். கிண்ணத்தில் ஒரு சொட்டு மஞ்சள் காவி சேர்த்து, தின்னர் விட்டு இளக்கி, முழங்கால் போல்ட்டின் அடியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.